நாள்வழி போதாது, பேரேடும் வேண்டும்

எழுதியதைக் கண்டெடுக்க – 12

சென்ற வாரம் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைப்பது பற்றிப் பேசினோம். இந்த வாரம் தனிக் கட்டுரையை விட்டுவிட்டு, இணையத்தில் நாம் எழுதியவை நூறு, இருநூறு என்று பெருகிய பிறகு அவற்றை எப்படி அடுக்கி வைப்பது என்று பார்க்கலாம். அதற்கு முதலில் கோட்டையூருக்குப் போக வேண்டும்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூர் என்றதும் வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1909-ல் அவர் பிறந்த ஊர் அது. அதே ஊர்க்காரர் ரோஜா முத்தையா. இளமையில் சென்னைக்குப் போய் விளம்பரப் பலகை எழுதும் தொழில் பழகினார். அங்கே மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. 1992-ல் அவர் காலமானபோது அவருடைய சேகரிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. பாதி நூல்கள். மீதி பழைய இதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடும் சரக்கு. அந்த நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் நூலுக்குச் சமமாக மதித்துப் பாதுகாத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தமிழ் நாடக வரலாற்றையோ அச்சு வரலாற்றையோ எழுதப் புகுகிறவருக்கு அந்தத் துண்டுத் தாள்கள்தான் சான்று.

அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. முதலில் முகப்பேரில் இருந்தது, இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே நூல்களை நுண்படம் எடுத்தார்கள், கணினியில் பட்டியல் போட்டார்கள். பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஊர், அச்சகம், ஆண்டு, பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு.

நம் தொடருக்கு வேண்டியது அந்தப் பதிவு என்ற சங்கதிதான். ஒரு நாடக நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாடகத்தின் பெயர் இருக்கும். நடத்திய கம்பெனி, கொட்டகை இருந்த ஊர், தேதி, டிக்கெட் விலை, அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். ஒருவர் நாடகப் பெயரைச் சொல்லித் தேடி வருவார். இன்னொருவருக்கு அந்த ஊரில் அந்த ஆண்டில் என்னென்ன நடந்தது என்று தெரிய வேண்டும். மூன்றாமவர் அச்சகங்களைப் பற்றி ஆராய்கிறவர். மூவருக்கும் எட்ட வேண்டியது ஒரே தாள். அது கட்டுக்குள் எத்தனாவது தாளாக இருக்கிறது என்பது அவர்களில் யாருக்கும் தேவையில்லை. பட்டியல் இருந்தால் மூவரும் மூன்று வழியாக அந்தத் தாளுக்கு வந்து சேர்வார்கள். பட்டியல் இல்லாவிட்டால் சேகரித்தவரின் ஞாபகம் ஒன்றுதான் வழி. அவருக்குப் பிறகு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இன்று இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சேகரிப்போடு நின்றுவிடுகிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டைப் பற்றியே எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். வீடுகள், கோயில்கள், பலகாரங்கள், பர்மா நினைவுகள், கல்யாணச் சடங்குகள். பலருடைய எழுத்து அருமையானது, வேறெங்கும் கிடைக்காத செய்தி கொண்டது. ஆனால் எல்லாம் எழுதிய தேதி வரிசையில் கிடக்கிறது. இன்று எழுதியது மேலே, நேற்று எழுதியது அதற்குக் கீழே. மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய நல்ல கட்டுரை நாற்பதாவது பக்கத்துக்குப் போய்விட்டது. எழுதியவருக்கே அதைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கக் கணக்குப் புத்தகமே போதும். கடையில் அன்றாடம் நடக்கும் வரவும் பற்றும் நடந்த வரிசையில் நாள்வழியில் ஏறும். காலையில் ஒருவர் வட்டி கட்டினார், பத்து மணிக்கு இன்னொருவர் கடன் வாங்கினார், மாலையில் கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுத்தது. எல்லாம் அடுத்தடுத்து. அதோடு நிறுத்திக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட ஆசாமி மொத்தம் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும். அதற்காகத்தான் பேரேடு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். நாள்வழியில் சிதறிக் கிடக்கும் அவர் கணக்கெல்லாம் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரும். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருந்த ஏஜெண்டு, பேரேட்டைப் பார்த்துத்தான் ஐந்தொகை எடுத்து ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்ப முடியும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இன்றும் இது இருக்கிறது. நாள்வழியைப் போன்ற குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் அந்தப் பதிவு பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போயிற்று என்று எண் எழுதுவார்கள். பேரேட்டிலும் அதேபோல் ஒரு கட்டம். அதில் குறிப்பேட்டின் பக்க எண். இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து இங்கே திரும்பலாம். கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பதிவு இன்னும் பெயர்த்து எழுதப்படவில்லை என்று கணக்குப்பிள்ளைக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நாம் கொடுக்கும் இணைப்பும் செய்வது இதைத்தான். அது இரு திசையிலும் இருக்க வேண்டும் என்பதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

ஒருவர் வாரம் ஒரு கட்டுரை வீதம் ஐந்தாண்டு எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். 260 கட்டுரைகள் சேர்ந்திருக்கும். அவற்றில் பூக்கல் என்னும் தரை ஓடு பற்றி ஒன்பது. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கல் வார்ப்பது பற்றி ஒன்று. தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது பற்றி ஒன்று. பழைய கல்லைப் பெயர்க்காமல் சுத்தம் செய்வது, கோல வடிவங்கள், வீட்டுக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியவை என்று மற்றவை. ஒன்பதும் ஐந்தாண்டில் ஒன்பது வெவ்வேறு மாதங்களில் வந்தவை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே தெரியாது. கோயம்புத்தூரில் வீடு கட்டுகிற ஒருவர் கூகுளில் தேடி, அதிர்ஷ்டவசமாக அந்த ஒன்பதில் ஒன்றுக்கு வந்து சேர்கிறார். படிக்கிறார், பிடித்திருக்கிறது, ஆனால் அவருடைய அடுத்த கேள்விக்கான பதில் வேறொரு கட்டுரையில் இருப்பது அவருக்குத் தெரியாது. போய்விடுகிறார். எழுதியவர் தன் உழைப்பில் ஒன்பதில் எட்டுப் பங்கை அந்த வாசகரிடமிருந்து மறைத்து வைத்துவிட்டார்.

அவர் செய்ய வேண்டியது பூக்கல்லுக்கு ஒரு பேரேட்டுப் பக்கம் திறப்பது. ‘ஆத்தங்குடி பூக்கல்: முழு விவரம்’ என்று ஒரு தொகுப்புப் பக்கம். வெறும் தலைப்புகளை அடுக்கினால் போதாது. பூக்கல் என்றால் என்ன, எங்கே செய்கிறார்கள், எதனால் அந்த வழவழப்பு என்று நான்கைந்து பத்தி சொந்தமாக எழுதி, அந்தந்த இடத்தில் அந்தந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். ஒன்பது கட்டுரைகளிலும் போய், இந்தத் தொகுப்புப் பக்கத்துக்குத் திரும்பும் இணைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓர் அரை நாள் வேலை. ஐந்தாண்டு உழைப்புக்கு முன் அரை நாள் ஒன்றுமே இல்லை.

வாசகருக்கு இது வசதி என்பது புரிகிறது, தேடுபொறிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். தேடுபொறி செய்யும் வேலைகள் மூன்று. முதலில் அதன் நிரல் பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு அது போவது இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான். எந்த இணைப்பும் வந்து சேராத பக்கத்தை அது கண்டுபிடிக்கத் தாமதமாகும், சில வேளை கண்டுபிடிக்காமலே போகும். அடுத்து, படித்ததை அட்டவணை போட்டு வைக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில், தலைப்பிலா, உள்ளேயா என்று. மூன்றாவது, யாராவது தேடும்போது எதை முன்னே காட்டுவது என்று முடிவு செய்கிறது.

அந்த மூன்றாவது வேலையில்தான் 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஒரு புதிய வழியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புத் தருகின்றன, அப்படித் தருகிறவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்த்து மதிப்பெண் போடுவது. பேஜின் பெயரால் ‘பேஜ்ரேங்க்’ என்று அழைக்கப்பட்ட அதிலிருந்துதான் கூகுள் பிறந்தது. இன்று கூகுள் இன்னும் எத்தனையோ அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் இணைப்பையும் இன்னும் கணக்கில் எடுக்கிறது. ஒன்பது கட்டுரைகள் ஒரு தொகுப்புப் பக்கத்தைச் சுட்டும்போது, இந்தத் தளத்தில் பூக்கல்லுக்கு இதுதான் முதன்மைப் பக்கம் என்று நாமே சொல்லிவிடுகிறோம். இணைப்பு வைத்திருக்கும் சொற்களும் படிக்கப்படுகின்றன. ஆகவே ‘இங்கே சொடுக்கவும்’ என்ற சொற்களில் இணைப்பு வைக்காதீர்கள். ‘பழைய பூக்கல்லைச் சுத்தம் செய்யும் முறை’ என்று எழுதி அந்தச் சொற்களிலேயே வையுங்கள். வாசகருக்கும் எங்கே போகப்போகிறோம் என்று தெரியும்.

குறுக்குவழி தேடியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பது, பக்கத்தின் மறைவான பகுதியில் ஐம்பது குறிச்சொற்களை அடுக்குவது, பணம் கொடுத்து இணைப்பு வாங்குவது. அந்த மறைவான குறிச்சொல் வரியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. 2011-ல் ‘பாண்டா’ என்ற மாற்றம் வந்து உள்ளீடற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-ல் ‘பென்குயின்’ வந்து செயற்கை இணைப்புகளைத் தண்டித்தது. எப்போதோ செத்துப்போன உத்திகளை இன்னும் தமிழில் ‘ரகசியம்’ என்று காசு வாங்கிச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகளும் வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் பெண்களும்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல்கள் சில உண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, நம் சொல் உருமாறிக்கொண்டே இருக்கும். காரைக்குடி, காரைக்குடியில், காரைக்குடிக்கு, காரைக்குடியிலிருந்து, காரைக்குடிக்காரர். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஓரூர்தான். தேடுபொறிகள் இதில் முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கின்றன, ஆனாலும் ஆங்கிலத்துக்கு இருக்கும் கூர்மை தமிழுக்கு இல்லை. சந்தியும் சேர்ந்துகொள்கிறது. நாம் இலக்கணப்படி ‘கண்டாங்கிச் சேலை’ என்று எழுதுவோம். தேடுகிறவர் ‘கண்டாங்கி சேலை’ என்றும் ‘கண்டாங்கி புடவை’ என்றும் தட்டுவார். இன்னொருவர் ‘செட்டிநாடு காட்டன்’ என்பார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது ‘கண்டாங்கி’ என்ற பெயரில்தான், ஆனால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வாடிக்கையாளர் எல்லோரும் அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பூக்கல்லைத் தேடுகிறவர்களிலும் பலர் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்றுதான் தட்டுவார்கள்.

இதற்கு மருந்து, எல்லா வடிவங்களையும் ஒரே பத்தியில் கொட்டுவதல்ல. தலைப்பில் சொல்லை வேற்றுமை உருபு இல்லாமல் தனியாக நிற்க விடுங்கள். ‘கண்டாங்கியின் கதை’ என்பதைவிட ‘கண்டாங்கி: காரைக்குடி நெசவின் கதை’ என்று வைத்தால் இரண்டு பெயர்ச்சொல்லும் முழுதாக நிற்கும். முதல் பத்தியில் வாடிக்கையாளர் எந்தெந்தப் பெயரில் கேட்கிறார் என்று இயல்பாக ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். உங்கள் தொகுப்புப் பக்கங்களில் மட்டும் இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. இலக்கணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒற்று மிகும் இடத்தில் மிகட்டும்.

இரண்டாவது சிக்கல் பக்க முகவரி. தமிழ் எழுத்திலேயே முகவரி வைப்பது அழகுதான். ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள். ‘காரைக்குடி’ என்ற சொல்லைக் கணினி க, கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி என்று பிரித்துப் பத்துக் குறிகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முகவரியாக அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதன்பின் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக, ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. பத்துக் குறிக்குத் தொண்ணூறு. ‘காரைக்குடி’ என்ற ஒரே சொல் தொண்ணூறு எழுத்து நீளமுள்ள, யாராலும் படிக்க முடியாத சரமாகி வாட்ஸ்அப்பில் போய் விழும். நீளமான தலைப்பு முழுவதும் முகவரியானால் கேட்கவே வேண்டாம். சில செயலிகள் அதை நடுவில் வெட்டிவிடும், இணைப்பு செத்துவிடும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சுருக்கமாக ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு, அவர்களுடைய தமிழ்ப் பற்றை நான் மதிக்கிறேன். எனக்கு வாசகர் வந்து சேர்வது முக்கியம்.

மூன்றாவது சிக்கல்தான் கடினமானது. ஒரு கட்டுரையை எந்தப் பிரிவில் போடுவது? கவுனி அரிசி பற்றி எழுதுகிறோம். அது சமையலா? பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிற அரிசி, ஆகவே கடல்கடந்த வணிக வரலாறா? கல்யாண விருந்தில் இடம்பெறுகிறது, ஆகவே சடங்கா? அல்லது 1930களில் பர்மாவில் நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கைக்கு நிலம் வந்த கதையை எழுதுகிறோம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் இருபத்தைந்து பங்காகியது. இதை ‘வரலாறு’ என்று ஒரே பிரிவில் போட்டு மூடிவிட்டால், பர்மாவைத் தேடுகிறவர், வட்டித் தொழிலைத் தேடுகிறவர், பொருளாதார மந்தத்தைத் தேடுகிறவர் என எல்லோரும் அந்தப் பெரிய மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும்.

இந்தப் பிரச்சினையைத் தீர்த்தவர் நம்மவர், சீர்காழிக்காரர். எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகராக நியமித்தது. பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே நூல்களை மரத்தின் கிளை போல் பிரித்துக்கொண்டே போகும் முறைகளைப் படித்தார், அவற்றில் ஒரு நூலுக்கு ஓரிடம்தான். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைச் செட்டைப் பார்த்தார். அதே சில துண்டுகளை வேறு வேறாகப் பூட்டி எத்தனையோ பொம்மைகள் செய்யலாம். அந்தப் பொறியிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. ஒரு நூலை ஒரு பெட்டியில் அடைப்பதற்குப் பதிலாக அதைப் பல முகங்களாகப் பார்க்கச் சொன்னார், பின்னாளில் அந்த முகங்களை ஐந்தாக வகுத்தார்: மையப் பொருள், பருப்பொருள், செயல், இடம், காலம்.

பர்மா நிலக் கட்டுரையை அவர் கண்ணால் பாருங்கள். மையம் நகரத்தார் வட்டித் தொழில். பருப்பொருள் நெல் நிலம். செயல் கடனும் கைமாற்றமும். இடம் கீழ் பர்மா. காலம் 1930கள். இப்போது ஐந்து வாசல் திறந்துவிட்டது. யார் எந்த வாசலில் வந்தாலும் கட்டுரை கிடைக்கும். இன்று கடைத் தளங்களில் நிறம், அளவு, விலை என்று தனித்தனியாக வடிகட்டித் தேடுகிறோமே, அதற்கு அடிப்படை இந்தச் சிந்தனைதான்.

நம் எழுத்துக்கு இதை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை. நான் பரிந்துரைப்பது இது. பிரிவுகள் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்: வீடு, உணவு, நெசவும் கைவினையும், கோயில், கடல்கடந்த வணிகம், சடங்கு. ஒரு கட்டுரைக்கு ஒரே பிரிவு. அதன்மேல் குறிச்சொற்கள். குறிச்சொல்லை மூன்றே வகையாக வைத்துக்கொள்ளுங்கள்: பொருள், இடம், காலம். கவுனி அரிசிக்கு ‘கவுனி அரிசி’, ‘பர்மா’ என்று இரண்டு போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தோன்றியபடி பதினைந்து குறிச்சொல் போடுவது குழப்பத்தைப் பெருக்கும். ‘பர்மா’, ‘பர்மா நினைவுகள்’, ‘பர்மா செட்டியார்’, ‘மியான்மர்’ என்று நான்கு குறிச்சொல், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கட்டுரை. தேடுபொறிக்கு அவை நான்கு வெற்றுப் பக்கங்கள். ஒரு நோட்டில் உங்கள் குறிச்சொற்களை அகர வரிசையில் எழுதிவைத்து, அதில் இருப்பதை மட்டுமே பயன்படுத்துங்கள். புதிதாக ஒன்று வேண்டுமானால் குறைந்தது மூன்று கட்டுரைகளாவது அதற்குள் வருமா என்று பார்த்துச் சேருங்கள்.

கோயில் என்ற பிரிவில் இன்னொரு வசதி இருக்கிறது. நகரத்தார் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. எண்ணிக்கை நிலையானது, பெயர்கள் நிலையானவை. ஒன்பது கோயிலுக்கும் ஒன்பது தொகுப்புப் பக்கம் முதலிலேயே திறந்துவிடலாம். இன்று இரணியூருக்கு இரண்டு பத்திதான் இருக்கிறதா, இருக்கட்டும். நாளை எழுதுவது போய்ச் சேர இடம் தயாராகிவிட்டது. எந்தக் கோயிலுக்கு எழுதவில்லை என்பதும் பளிச்சென்று தெரியும்.

பழைய சரக்கை ஒழுங்கு செய்யும்போது ஒரே பொருளில் இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருப்பது கண்ணில் படும். 2016-ல் கந்தரப்பம் செய்முறை, 2019-ல் மறுபடி கந்தரப்பம், தீபாவளி வந்தபோது இன்னொரு தடவை. தேடுபொறி எதைக் காட்டுவது என்று தெரியாமல் மூன்றையும் பின்னுக்குத் தள்ளக்கூடும். மூன்றில் நல்லதை எடுத்து, மற்ற இரண்டிலிருந்த பயனுள்ள குறிப்புகளை அதில் சேர்த்து, ஒரே பக்கமாக்குங்கள். மற்ற இரண்டு முகவரிகளையும் அழித்துவிடாதீர்கள். 301 என்ற எண்ணால் குறிக்கப்படும் நிரந்தரத் திசைமாற்றம் உண்டு, அதைக் கொடுத்தால் பழைய முகவரிக்கு வருகிறவர் தானாகப் புதிய பக்கத்துக்குப் போய்ச் சேர்வார். அந்தப் பழைய முகவரிக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்பின் மதிப்பும் வீணாகாது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே இதற்காகத் தனிக் கட்டுரை எழுதி, முகவரியை மாற்றாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று முகவரிகளை எல்லாம் மாற்றிவிட்டுப் பத்தாண்டு வாசகர்களை ஒரே இரவில் இழந்தவர்கள் தமிழில் பலர். அவர்கள் எழுத்தில் எவ்வளவோ இன்று யார் கைக்கும் எட்டாது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் அது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு.

அட்டவணை போடுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்த்தார். பாடல் நூல்களின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டின் எண் தெரியாது, எந்தப் பகுதியில் வருகிறது என்றும் தெரியாது, முதல் இரண்டு சொல் மட்டும் நாக்கில் இருக்கிறது. அது போதும், பக்கம் கிடைத்துவிடும். வாசகர் மனத்தில் எது நிற்கிறதோ அதை வைத்தே அவருக்கு வழி அமைத்துக் கொடுத்தார்கள். 1910-ல் வெளிவந்த சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும், 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியமும் அகர வரிசையை நம்பி நின்றவை.

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பதைப் பற்றியது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே போகும் என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பட்டியல் போடும் வேலை ஒரு தடவையோடு முடிவதில்லை என்பது புரியும். செட்டிநாட்டு வீடுகள் பற்றி 2012-ல் ஒரு தொகுப்புப் பக்கம் எழுதியிருந்தால், 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதைத் தனிச் செய்தியாக எழுதிவிட்டுத் தொகுப்புப் பக்கத்தைத் தொடாமல் விட்டால், கணக்குப்பிள்ளை பார்த்த அந்தக் காலிக் கட்டம்தான். மாதம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த மாதம் எழுதியவற்றை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தொகுப்புப் பக்கத்துக்குப் போயிற்று என்று குறியுங்கள். போகாததைச் சேருங்கள். எதற்குமே பொருந்தாதது ஒன்றிரண்டு இருக்கும், அவை அப்படியே இருக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். உங்கள் கட்டுரைகளில் எதை மக்கள் அதிகம் தேடி வருகிறார்கள் என்று கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்றும் அதில் இருக்கும். நீங்கள் ‘பெட்டகம்’ என்று எழுதியிருப்பீர்கள், அவர்கள் ‘பழைய மரப்பெட்டி’ என்று தேடியிருப்பார்கள். முதலில் வரும் பத்துச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எதற்குப் பேரேட்டுப் பக்கம் இல்லையோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த வாரம் ஒன்றே ஒன்று போதும்.

அடுத்த வாரம் படங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுப் படம் என்றே தெரியாத குடும்பப் புகைப்படங்கள் சட்டத்தோடு அடுக்கிக் கிடக்கும். இணையத்தில் பெயரும் விளக்கமும் இல்லாமல் ஏற்றப்படும் நம் ஊர்ப் படங்களுக்கு என்ன எழுதி வைக்க வேண்டும், எந்த அளவில் வைக்க வேண்டும் என்று அப்போது பார்ப்போம்.

(தொடரும்)